காத்துக்காரரும் தண்ணி வண்டியும்

தெருவில் அவரைக் காத்துக்காரர் என்றுதான் சொல்வார்கள். தொழில் என்னவோ ஃபிரிட்ஜ் ரிப்பேர். வீட்டின் முன்பக்கம் ஷட்டர் போட்ட கடை, பின்பக்கம் குடித்தனம். கடைக்குள் நுழைந்தால் கதவு கழற்றிய ஃபிரிட்ஜுகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். சுவர் முழுக்கச் செம்புக் குழாய் வளையங்கள். எதைத் தொட்டாலும் விரலில் எண்ணெய்ப் பிசுக்கு. இவற்றையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிட்டு, நடு இடத்தை மாப்பிள்ளை மாதிரி பிடித்துக்கொண்டு ஒரு மூன்று சக்கர வண்டி உட்கார்ந்திருக்கும். பெட்ரோல் கிடையாது, டீசல் கிடையாது, பேட்டரியும் கிடையாது. டேங்கில் அடைத்து வைத்த வெறும் காற்றில் ஓடப்போகிற வண்டி. பெயர் வந்தது அதனால்தான்.

"என்ன மெக்கானிக், கடை காத்து வாங்குதா?" என்று போகிற போக்கில் யாராவது கேட்பார்கள்.

"விக்கிறதுக்கும் நிறைய இருக்கு. வேணுமா?" என்பார் அவர். சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அதற்கு மேல் யாரும் நின்று கேட்டதில்லை.

இந்தப் பைத்தியம் அவரைப் பிடித்த கதை சின்னது. ஒரு குளிர்பதனக் கிடங்கில் கழித்துப்போட்ட பெரிய கம்ப்ரெஸரை வாங்கிவந்து கடையில் சோதித்துக்கொண்டிருந்தார். மின்சாரத்தை நிறுத்திய பிறகு, டேங்கில் ஏறியிருந்த காற்று வால்வு வழியே திரும்பிக் கசிந்து, கம்ப்ரெஸரின் சக்கரம் தானாகவே பின்பக்கமாகச் சுற்றியது. நாலைந்து சுற்றுதான். அவ்வளவு கனத்த இரும்பை யாரும் தொடாமல், எதுவும் எரியாமல், வெறும் காற்று சுற்றுகிறதே என்று அவர் ஸ்பானரும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். அன்று தர வேண்டிய வாடிக்கையாளரின் ஃபிரிட்ஜ் மறுநாளும் ரெடியாகவில்லை.

அதற்குப் பிறகு வருஷங்கள் ஓடின. அந்தக் கம்ப்ரெஸரையே இன்ஜினாகத் திருப்பி, வால்வுகளை மாற்றி, கனத்த இரும்பு டேங்க் இரண்டைச் சட்டத்தில் கட்டி, வண்டி என்று சொல்லும்படி ஒன்றை நிறுத்திவிட்டார். காற்றைத் திறந்தால் கிளம்பும். தெருவில் கொஞ்ச தூரம் நன்றாகவே போகும். அப்புறம் இருமும். அப்புறம் நின்றுவிடும். இறங்கிப் பார்த்தால் வால்வின் மேல் வெள்ளை வெளேரென்று பனி மூடியிருக்கும். அழுத்தத்திலிருந்த காற்று சட்டென்று விரியும்போது குளிர்ந்துபோகிறது. அதிலிருக்கும் கொஞ்சநஞ்ச ஈரம் வால்விலேயே உறைந்து வழியை அடைத்துக்கொள்கிறது. விஷயம் அவருக்குத் தெரியாததா என்ன? வாழ்நாளெல்லாம் ஊரார் வீட்டுக்குக் குளிரை வரவழைத்துக் கொடுத்தவர். கூப்பிட்ட இடத்துக்கு வராமல் சண்டித்தனம் செய்த குளிர், இங்கே கூப்பிடாமலே வந்து குந்திக்கொண்டது.

ஈரத்தை இழுக்கும் வடிகட்டி போட்டுப் பார்த்தார். வால்வைச் சுற்றி வெந்நீர்ப் பை கட்டிப் பார்த்தார். சின்னதாக ஒரு அடுப்பு வைத்தால் தீர்ந்துபோகும்தான். ஆனால் நெருப்பே இல்லாமல் ஓட வேண்டும் என்று தொடங்கிய வண்டிக்கு நெருப்பு வைக்க மனம் ஒப்பவில்லை. நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டே கடைக்குத் திரும்புவார். தெருக்காரர்கள் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்துவிடுவார்கள். அது மரியாதைதான். ஆனாலும் கேலி செய்திருந்தால் தேவலை என்று அவருக்குத் தோன்றும்.

வீட்டிலும் சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. மனைவி ஒரு ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் மேற்பார்வை பார்த்தாள். நாள் முழுக்க நீராவியிலும் சோப்பு வாடையிலும் நின்றுவிட்டு வருகிறவள். சாப்பிடும்போது அவர் வால்வைப் பற்றி வாயெடுத்தால் "ம்" என்பாள். அந்த "ம்"மில் கோபம் இருக்காது, கேலி இருக்காது, காதும் இருக்காது. "டேங்கு மட்டும் வெடிக்காமப் பாத்துக்கங்க" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுவாள். மகள் கல்யாணமாகி வெளியூரில் இருந்தாள். வாரம் ஒரு தடவை போனில், "வண்டி எப்படிப்பா இருக்கு?" என்பாள், உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கிற அதே குரலில். "இருக்கும்மா" என்பார். மனிதர்கள் இருந்தார்கள், பாசமும் இருந்தது. அவர் மண்டைக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருந்ததைப் பேச ஒரு வாய்தான் இல்லை.

அந்த மகள்தான் ஒரு நாள் வீடியோ ஒன்றை அனுப்பினாள். வேறொரு ஊரில் ஒருவர் தண்ணீரில் ஓடும் வண்டி கண்டுபிடித்திருக்கிறாராம். கண்ணாடிப் பெட்டியில் ஒரு சொம்பு தண்ணீரை ஊற்றுகிறார், குமிழி கொப்பளிக்கிறது, ஸ்கூட்டரில் ஏறிப் போகிறார். சுற்றி நின்றவர்கள் கைதட்டுகிறார்கள். கீழே போன் நம்பர் இருந்தது.

"தண்ணியில ஓடுதா, தண்ணி போட்டுட்டு ஓட்டுறாரா?" என்றாள் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு. அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் மறுநாள் கடையில் தனியாக இருக்கும்போது அந்த நம்பரைக் கூப்பிட்டார். என்ன பேசுவது என்று தெரியாமல், "நானும் ஒரு வண்டி பண்றேன். காத்துல ஓடுறது" என்றார்.

அந்தப் பக்கம் ஏதோ இரும்பைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "காத்தா? அப்ப வால்வுல பனி பிடிக்குமே" என்றது குரல்.

காத்துக்காரர் பக்கத்தில் இருந்த ஸ்டூலை இழுத்து உட்கார்ந்துகொண்டார். தான் சொல்லாமலே அந்தப் பனியைத் தெரிந்திருந்த முதல் ஆள் இந்தக் குரல்காரர்தான்.

அதன் பிறகு சாயங்காலம் தவறாமல் போன் வந்தது; வராவிட்டால் இவர் போட்டார். தண்ணி வண்டிக்காரர் முன்பு ஒரு தொழிற்சாலையில் பம்பு ஆபரேட்டராக இருந்தவர். வயதில் கொஞ்சம் இளையவர். இரண்டாம் நாளே "அண்ணே" ஆகிவிட்டார், இவர் "தம்பி" என்றார். பிஸ்டன் வளையத்தைப் பற்றி, குழாய் முடுக்கில் காற்று முரண்டுவதைப் பற்றி, பழைய இரும்புக் கடையில் எதை எப்படிப் பார்த்து எடுப்பது என்பதைப் பற்றிப் பேசினார்கள். ஒரு வால்வு ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் ஒரு வாரம் பேசினார்கள் என்றால் யாரும் நம்பமாட்டார்கள்.

"யாருங்க அது, தினமும்?" என்று மனைவி ஒரு நாள் கேட்டாள். "உங்களுக்கு இவ்வளவு பேச்சு வரும்னு எனக்கே இப்பத்தான் தெரியுது."

ஒன்றை மட்டும் அவர் கவனித்தார். தண்ணி வண்டியைப் பற்றிக் கேட்டால் தம்பியின் பேச்சு வழுக்கிக்கொண்டு வேறு பக்கம் போய்விடும். "அதை விடுங்கண்ணே, உங்க வால்வு விஷயத்துக்கு வருவோம்" என்பார். தொழில் ரகசியமாக இருக்கும், நாம் ஏன் குடைய வேண்டும் என்று காத்துக்காரரும் விட்டுவிட்டார்.

"நேர்ல ஒரு தடவை பாத்துட்டுப் போலாம்னு இருக்கேன் தம்பி" என்று இவர் சொன்னபோது அங்கே ஒரு தயக்கம். பிறகு, "வாங்கண்ணே. அந்த வால்வையும் எடுத்துட்டு வாங்க" என்றார்.

வால்வைத் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய் இறங்கினார். பட்டறை வாசலில் ஏற்கெனவே கூட்டம் நின்றது. மெலிந்த, கண்ணாடி போட்ட மனிதர் ஸ்கூட்டரின் கண்ணாடிப் பெட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குமிழி கொப்பளித்தது. ஸ்கூட்டர் கிளம்பி, வளைவு வரைக்கும் போய்த் திரும்பி வந்தது. கூட்டம் கைதட்டியது.

காத்துக்காரர் தட்டவில்லை. அவர் காது வேறு எதையோ தேடிக்கொண்டிருந்தது. இன்ஜின் என்றால் ஒரு துடிப்பு வேண்டும். உள்ளே ஏதோ வெடித்து வெடித்து வெளியே வரும் அடையாளம் வேண்டும். இதில் ஒரே ஒரு ரீங்காரம்தான். ஃபிரிட்ஜுகளின் முதுகில் காதை வைத்து வைத்தே வாழ்ந்தவருக்கு அந்த ரீங்காரம் சொந்தக்காரன் குரல் மாதிரி. அது மின்சார மோட்டார். படம் எடுத்துக்கொள்கிறவர்கள் நடுவே குனிந்து சைலன்ஸரின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஜில்லென்று இருந்தது. நிமிர்ந்தபோது தண்ணி வண்டிக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். தினமும் போனில் பேசியவர் இவர்தான் என்று இருவருக்கும் அந்த நொடியில் தெரிந்துவிட்டது.

கூட்டம் கலைந்ததும் பின்னறைக்குக் கூட்டிப்போனார். ஒரு கட்டில், ஒரு மேஜை, ஒரே ஒரு நாற்காலி. கட்டிலில் உட்காரச் சொல்லிவிட்டு, தான் நின்றுகொண்டே பேசினார்.

"கையை வச்சுப் பாத்துட்டீங்க இல்லண்ணே."

"பாத்தேன்."

"சீட்டுக்கு அடியில பேட்டரி இருக்கு. மோட்டாரும் இருக்கு. தண்ணி சும்மா குமிழி விடும், அவ்வளவுதான்."

காத்துக்காரர் மடியில் இருந்த துண்டு முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தார்.

"முதல்ல நிஜமாத்தான் பண்ணேன்" என்றார் மற்றவர். மூலையில் சாக்கு போட்டு மூடியிருந்ததை விலக்கிக் காட்டினார். பொறுமையாக இழைத்து இழைத்துச் செய்த ஒரு சின்ன இன்ஜின். தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து, வரும் வாயுவை எரித்து ஓடுவது. "ஓடுச்சுண்ணே. ஆனா கணக்கு இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. பிரிக்கிறதுக்குப் போற சக்தியில பாதிகூடத் திரும்பி வரல. எங்கேயோ ஒழுகுதுன்னு வருஷக்கணக்கா தேடுனேன். கடைசியிலதான் புரிஞ்சுது. தண்ணிங்கிறதே எரிஞ்சு முடிஞ்ச சாம்பல். நான் சாம்பலைப் பத்த வைக்கப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்."

"அதை விட்டுட வேண்டியதுதானே தம்பி?"

"விட்டுட்டேன். அன்னிக்கு அதைச் சொல்லி அழக்கூட ஆளில்ல. அடுத்த வாரம் ஒருத்தர் கேமராவோட வந்து நிக்கிறார், தண்ணி வண்டி பாக்கணும்னு. அவ்வளவு தூரத்துல இருந்து வந்திருக்காரு. வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. ஒரு நாளைக்குத்தானேன்னு பேட்டரியை வச்சேன்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்புறம் தினமும் யாராவது வந்தாங்க. பேரைக் கேட்டாங்க, சாப்பிட்டீங்களான்னு கேட்டாங்க. இந்த ரூமுக்கு அதுக்கு முன்னாடி யாரும் வந்ததே இல்லண்ணே."

காத்துக்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பஸ்ஸில் வரும்போது எவ்வளவு ஆசையோடு வந்தார். ஆனால் அந்த ஒற்றை நாற்காலியைப் பார்த்தபோது கோபம் எங்கேயும் நின்று பிடிக்கவில்லை. துண்டை அவிழ்த்து வால்வை மேஜை மேல் வைத்தார்.

அவ்வளவுதான். தண்ணி வண்டிக்காரர் அதைக் கையில் எடுத்ததும் வேறு மனிதராகிவிட்டார். புரட்டிப் புரட்டிப் பார்த்தார், வெளிச்சத்தில் பிடித்தார், ஊதிப் பார்த்தார்.

"நீங்க எல்லாக் காத்தையும் ஒரே மூச்சுல விடுறீங்கண்ணே. அதான் விறைச்சுப்போகுது. ரெண்டு மூச்சா விடுங்க. முதல்ல ஒரு சின்ன சிலிண்டர். அதுல பாதி விரியட்டும், கொஞ்சம் குளிரட்டும். அங்கிருந்து நேரா அடுத்ததுக்கு அனுப்பாதீங்க. ஃபிரிட்ஜுக்குப் பின்னால கறுப்பா ஒரு கம்பி வலை இருக்குமே, அதுக்குள்ள விட்டு ஒரு சுத்து சுத்த வைங்க. வெளிக்காத்துல இருக்கிற வெதுவெதுப்பே போதும், அதை வாங்கிக்கும். அப்புறம் பெரிய சிலிண்டர்ல மீதி விரியட்டும்."

காத்துக்காரர் நெற்றியில் தட்டிக்கொண்டார். அந்தக் கறுப்பு வலை அவர் கடைச் சுவரில் டஜன் கணக்கில் தொங்கியது. சூட்டை வெளியே தள்ளுவதற்கென்றே அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, அது சூட்டை உள்ளே வாங்கவும் வாங்கும் என்று தோன்றவே இல்லை. இருவரும் தரையில் குந்திச் சாக்பீஸால் வரைந்தார்கள், அழித்தார்கள், மறுபடி வரைந்தார்கள். வாசலில் யாரோ வந்து "தண்ணி வண்டி இருக்குங்களா?" என்று கேட்டதற்கு, "இன்னிக்கு இல்ல, போங்க" என்று உள்ளிருந்தே குரல் கொடுத்துவிட்டார் தண்ணி வண்டிக்காரர்.

கிளம்பும்போது பஸ் நிறுத்தம் வரை கூட வந்தார்.

"நிறுத்திடுங்க தம்பி" என்றார் காத்துக்காரர். "நாமளா நிறுத்துனா ஒண்ணும் இல்ல. வேற யாராவது திறந்து பாத்தாங்கன்னா அசிங்கமாப் போயிடும்."

"நிறுத்துனா யாருண்ணே வருவா?"

"நான் வருவேன்."

தம்பி பஸ் நகர்ந்தபோது கையைத் தூக்கினார்.

நிறுத்துவதற்கு அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. ஒரு மாதத்துக்குள் வேறொரு வீடியோ வந்தது. பார்க்க வந்த இரண்டு பேரில் ஒருவன் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க, இன்னொருவன் சீட்டைத் தூக்கிவிட்டான். பேட்டரி, கம்பிகள், பக்கத்தில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும் தம்பியின் முகம், எல்லாம் தெரிந்தது. பின்னால் ஒரு சிரிப்பு இசை வேறு போட்டிருந்தார்கள். முன்பு கைதட்டியவர்களைவிட இப்போது பார்த்தவர்கள் அதிகம்.

காத்துக்காரர் உடனே போன் போட்டார். எடுக்கவில்லை. மறுபடி போட்டார். சாயங்காலம் வழக்கமாகப் பேசும் நேரத்துக்கு அங்கிருந்தே போன் வந்தது.

"சீட்டுக்கு அடியில இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்ண்ணே? நேரா வந்து சீட்டைத்தான் தூக்குனாங்க."

"எனக்கு எப்படித் தம்பி தெரியும்?"

"உங்க ஒருத்தர்கிட்டதான் சொன்னேன்."

"நான் யார்கிட்டயும்..." என்று இவர் தொடங்குவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. அதற்குப் பிறகு அந்த போன் அணைந்தே கிடந்தது.

அவர் சொன்னது மனைவியிடம் மட்டும்தான். அன்று சாப்பிடும்போது கேட்டும்விட்டார்: "அந்தத் தண்ணி வண்டி விஷயம், நீ யார்கிட்டயாவது சொன்னியா?"

மனைவி கை அப்படியே நின்றது. "நான் யார்கிட்டங்க சொல்லப்போறேன்? எனக்கு அது புரிஞ்சிருந்தாத்தானே சொல்ல." கேட்டிருக்க வேண்டாம் என்று அவருக்கு உடனே தெரிந்தது. அவள் முகம் சரியாகச் சில நாட்கள் ஆயின.

நேரில் போய்ச் சொல்லிவிட்டால் தீர்ந்துவிடும் என்று மறுபடி பஸ் ஏறினார். பட்டறை ஷட்டர் இறங்கியிருந்தது. கதவில் யாரோ கரியால் கெட்ட வார்த்தை எழுதியிருந்தார்கள். பக்கத்துக் கடைத் தையல்காரர், "சாமானை லாரியில ஏத்திட்டுப் போயிட்டாருங்க. எங்கன்னு சொல்லல. நீங்க சொந்தமா?" என்று கேட்டார்.

"இல்ல, கூட்டாளி" என்றார் காத்துக்காரர். தையல்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் துணிக்குத் திரும்பிக்கொண்டார்.

கடையில் சில நாள் வேலை ஓடவில்லை. பிறகு சுவரிலிருந்து ஒரு கறுப்பு வலையைக் கழற்றினார். சின்ன சிலிண்டர் ஒன்றைத் தேடிப் பிடித்தார். பொருத்தும்போது இடித்தது; இணைப்புகள் கசிந்தன; இரண்டு பிஸ்டனுக்கும் தாளம் ஒத்துவராமல் வண்டி நொண்டியது. ஒவ்வொன்றுக்கும் கை தானாகப் போன் பக்கம் போய்த் திரும்பியது. தம்பி இருந்தால் என்ன கேட்பார், என்ன சொல்வார் என்று இரண்டு பேர் பேச்சையும் தானே பேசிக்கொண்டார். கடை வாசலில் ஃபிரிட்ஜோடு வந்த ஒரு அம்மா, உள்ளே வேறு யாரும் இல்லை என்று பார்த்ததும் கொஞ்சம் பின்வாங்கி நின்றாள்.

மழைக்காலம் முடிந்து வெயில் தொடங்கியபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வண்டியைத் தெருவில் இறக்கினார். காற்றைத் திறந்தார். கிளம்பியது. வழக்கமாக இருமும் இடம் வந்தது, இருமவில்லை. வளைவு வந்தது. தண்ணீர்த் தொட்டி வந்தது. பெரிய சாலை வரைக்கும் போய், லாரி ஒன்றுக்கு வழிவிட்டு, திரும்பி வீட்டு வாசலுக்கே வந்து நின்றார். டேங்கில் காற்று தீரும் தறுவாயில் இருந்தது. அவ்வளவு தூரம்தான் அந்த வண்டியால் முடியும், அதற்கு மேல் முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்தது. அவ்வளவு கனத்த டேங்கைத் தூக்கிக்கொண்டு காற்று வேறு என்ன செய்யும்? ஆனால் வால்வைத் தொட்டுப் பார்த்தார். கையில் ஈரம்தான் ஒட்டியது. பனி இல்லை.

மனைவி வாசலுக்கு வந்திருந்தாள். "நிக்கலையே" என்றாள்.

"நிக்கல."

"நல்லதுங்க" என்றாள் உண்மையான சந்தோஷத்தோடு. ஏன் நிற்கவில்லை என்று அவள் கேட்பாள் என ஒரு கணம் காத்திருந்தார். ஆஸ்பத்திரியில் ஞாயிறும் வேலைதான். அவள் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மகள் ஊருக்கு வந்தபோது வீடியோ எடுத்துப் போட்டாள். சீட்டைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். பார்த்தவர்கள் கொஞ்சம் பேர். "பேட்டரியை எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?" என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். அவர் தேடிய ஆளிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை.

பழைய நம்பரை அவ்வப்போது போட்டுப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அணைந்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்த போன், பிறகு ஒரு காலம் அந்த எண்ணே இல்லை என்றது. ஒரு நாள் மதியம் போட்டபோது அந்தப் பக்கம் மணி அடித்தது. அவர் பதறிப்போய்க் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"ஹலோ, யாருங்க?" ஒரு பெண் குரல்.

தம்பியின் பெயரைச் சொல்லிக் கேட்டார்.

"அப்படி யாரும் இல்லைங்க. இது புது நம்பர், போன வாரம்தான் வாங்குனோம். ஏதாவது அவசரமா?"

"அவசரம் இல்லம்மா. வண்டி ஓடிடுச்சுன்னு சொல்லணும், அவ்வளவுதான்."

"எந்த வண்டிங்க?"

அந்தப் பெண் சும்மாதான் கேட்டிருப்பாள். அவர் சொல்லத் தொடங்கிவிட்டார். காற்றை ஒரே மூச்சில் விட்டால் விறைத்துப்போகும் என்று சொன்னார். இரண்டு மூச்சாக விட வேண்டும், நடுவில் வெளிக்காற்றின் வெதுவெதுப்பைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ள விட வேண்டும், அது தன் யோசனை இல்லை, அந்த நம்பர்க்காரர் யோசனை என்று சொன்னார். அந்தப் பக்கம் குழந்தை ஒன்று சிணுங்கியது, பாத்திரம் நகர்ந்தது. அவள் போனை வைக்கவில்லை.

"சரிங்க, சந்தோஷம்" என்றாள் கடைசியில். "அவரைப் பாத்தீங்கன்னா நேர்லயே சொல்லிடுங்க."

"சொல்றேன்மா" என்றார் காத்துக்காரர்.

போனை மேஜையில் வைத்துவிட்டு, வாசலில் வெகுநேரமாகக் காத்திருந்த ஃபிரிட்ஜின் முதுகைத் திருப்பி, திருகுகளைக் கழற்றத் தொடங்கினார்.